அஞ்சலை அம்மாவின் ஒற்றைக் கண்

போன மாதம் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். எடுத்த கையோடு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, "கிளம்பலாம் மேடம்" என்றாள் அங்கிருந்த நர்ஸ் பெண். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிளம்பலாமா! கண்ணைத் திறந்து மூடி வைத்துவிட்டு, சினிமா முடிந்த மாதிரி கிளம்பச் சொல்கிறாளே என்று முறைத்தேன். அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் தையலே கிடையாதாம்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை. எனக்கு வர யார் இருக்கிறார்கள்? துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதால், வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரரை உள்ளே கூப்பிட்டு, "இவரு என் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் ஒரு நொடி முழித்துவிட்டு, "ஆமாங்க, எங்க அக்காதான்" என்றார். முதலியார்பேட்டையில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல்லி அதட்டிவிட்டு வேறு போனார்.

மறுநாள் கண்ணைக் காட்டப் போனபோது, நான் பெரிய ஆஸ்பத்திரியில் கண் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. "உங்க காலத்துல பேஷண்டை நாள்கணக்கா அசையவிடாம படுக்க வெப்பீங்களாமே மேடம், எதுக்கு? சும்மா பயமுறுத்தவா?" என்று கேட்டாள். சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மனசு கேட்குமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் காரைக்காலில் பிறந்தவள். நர்ஸ் படிப்புக்குப் புதுச்சேரி வந்தேன், முடித்தேன், வேலையும் இங்கேயே கிடைத்தது. யாருக்கும் பிடிக்காத வார்டு என்று கண் வார்டில் தள்ளினார்கள். அங்கே பிரசவம் இல்லை, குழந்தை இல்லை, இனாமாக ஒரு மிட்டாய்கூட வராது. கொஞ்ச நாளில் மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தவள், கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டேன். இடையில் பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வேலையை விடச் சொன்னார். இன்னொருவர் என் அப்பாவிடம், "பொண்ணு வாய் கொஞ்சம் நீளம் போல" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எழுபதுகளில் புரை ஆப்பரேஷன் என்றால் முதல் நாளே சேர்த்துக்கொள்வோம். கத்தரிக்கோல் அலகில் வாசலீன் தடவி, இமை முடிகளை ஒட்ட வெட்டுவேன். வெட்டிய முடி கண்ணுக்குள் விழாமல் வாசலீனில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் தியேட்டரில் கண்ணுக்குப் பின்னால் ஒரு ஊசி. அப்புறம் உள்ளங்கையால் கண்ணை அமுக்கி அமுக்கி மெத்தென்று ஆக்க வேண்டும். டாக்டர் கருவிழியின் மேல் ஓரத்தைப் பாதி வட்டமாகத் திறப்பார். உறைய வைத்த குச்சிமுனையை உள்ளே தொட்டதும் புரை அதில் ஒட்டிக்கொள்ளும். அதை மெல்ல அசைத்து அசைத்து வெளியே எடுக்கும்போது தியேட்டரில் ஒருவரும் மூச்சு விட மாட்டோம். முற்றிய நுங்கு மாதிரி முழுசாக வெளியே வரும். பின்னாலேயே கண்ணுக்குள் இருக்கும் ஜவ்வும் வழிந்துவிட்டால் போச்சு. வழியாமல் இருந்தால், முடியைவிட மெல்லிசான பட்டு நூலில் நாலைந்து தையல். அவ்வளவுதான்.

ஆனால் வேலையே அதற்குப் பிறகுதான். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கப் படுக்க வைப்போம். இருமக் கூடாது, தும்மக் கூடாது, குனியக் கூடாது, கெட்டியாக எதையும் கடிக்கக் கூடாது, கழிவறையில் முக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. இதையே நாள் முழுக்க கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்ததால் எனக்குக் 'கூடாது நர்சம்மா' என்று பட்டப்பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு இருமல் போதும், தையல் விட்டுப்போகும். மறுநாள் கட்டைப் பிரித்தால் கருவிழி ஓரத்தில் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். உள்ளே இருக்க வேண்டிய சதை வெளியே வந்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த மிளகைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும், நாங்கள் ஏன் அத்தனை கூடாது சொன்னோம் என்று.

எங்கள் பெரிய டாக்டர் பிரான்ஸில் படித்துவிட்டு வந்தவர். பேர் வேண்டாம். கூலி வேலை செய்கிறவரானாலும் 'நீங்க'தான். நகத்தில் அழுக்கோடு வந்த நர்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். நோயாளியைத் தூக்கும்போது மட்டும் தமிழ் மறந்துவிடும். மெதுவாக என்பதற்கு 'துஸ்மா, துஸ்மா' என்பார். புதிதாகச் சேர்ந்த ஆயாம்மா ஒருத்தி அதைத் 'தூசும்மா' என்று காதில் வாங்கிக்கொண்டு, அவர் சொல்லும்போதெல்லாம் ஓடிப்போய்த் தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரும் பல நாள் அதைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா மாதிரி சுத்தம் யாருக்கும் வராது" என்று பாராட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். வண்டியாவது பளிச்சென்று இருக்கட்டுமே.

கட்டுப் பிரித்ததும் எல்லா டாக்டரும் "தெரியுதா?" என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்கவே மாட்டார். ஏனென்றால் நம் சனங்கள், கண்ணைத் தொட்டு வைத்தியம் பார்த்த மனுஷனிடம் தெரியவில்லை என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். ஒரு பெரியவர், "சாமி மொகம் பளிச்சுன்னு தெரியுதுங்க" என்று கும்பிட்டார். கும்பிட்டது மருந்து அலமாரியை. அன்றிலிருந்து டாக்டர் கோட்டுப் பையில் ஒரு சீப்பு, ஒரு சாவி, ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, "இது என்னா?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு சமயம் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். "ஒரு கண்ணுக்கு இத்தனை நாள் கட்டிலா டாக்டர்? முகாம்ல வரிசையா படுக்க வெச்சு முடிச்சுடறாங்க. செலவைப் பாருங்க" என்றார்.

"முடிச்சுடறாங்க. முடிஞ்சுதான்னு யாரு போய்ப் பாத்தது?" என்றார் டாக்டர். "செலவு கம்மியான ஆப்பரேஷன், மறுபடி கத்தி வெக்க வேண்டாத ஆப்பரேஷன்தான் சார். நல்லா நடந்துச்சுன்னு நாம இங்க எழுதி வெச்சிருப்போம், பேஷண்டு வூட்டுல தடவிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதைவிடப் பெரிய செலவு எது?"

அதிகாரி போய்விட்டார். டாக்டர் அதோடு விடவில்லை. ஆப்பரேஷன் ஆனவர்களை ஐந்தாறு மாதம் கழித்து வீட்டிலேயே போய்ப் பார்த்துவர ஆள் வேண்டும் என்றார். எல்லோருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி, மாமியார். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே. என்னை அனுப்பினார்.

சேதராப்பட்டில் ஒரு விவசாயி. எங்கள் கணக்கில் முதல் தரமான கண். வீட்டில் போய்ப் பார்த்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார். அந்தக் காலத்தில் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது கிடையாது. சோடாபுட்டி கண்ணாடி போட்டால்தான் பார்வை. "கண்ணாடி எங்கய்யா?" என்றேன். பெண்டாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டுப்புடவை மடிப்புக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிறாராம். "தெனம் போட்டா தேஞ்சி பூடாதா நர்சம்மா?" என்று கேட்டார். தலையில் அடித்துக்கொண்டு வந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் கண்ணாடி கொடுக்கும்போதெல்லாம், "இது நகை இல்ல, செருப்பு மாதிரி. தெனம் போடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இப்படி ஊர் ஊராகப் பஸ்ஸில் போவேன். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் மற்றவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள், இல்லை சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். "பார்வை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, மோர் கொடுத்தால் குடித்துவிட்டு, திரும்பி வந்து என் அறையைத் திறப்பேன். பூட்டைத் திறக்கிற அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.

அஞ்சலை அம்மா எங்களிடம் வந்தது எழுபதுகளின் கடைசியில். முதலியார்பேட்டைதான். புருஷன் மில் தொழிலாளி. சின்ன வயதில் கதிரடிக்கும்போது நெல் சுணை பட்டு, யாரோ பச்சிலைச் சாறு ஊற்றி, இடது கண் வெள்ளை விழுந்து போய்விட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணிலும் புரை. மூன்று வருஷமாக வெளிச்சமும் நிழலும்தான். ஒற்றைக் கண் நோயாளி என்றால் எங்களுக்கெல்லாம் கூடுதல் ஜாக்கிரதை. அது போனால் அடுத்தது கிடையாது. அவருக்கு என் மேஜையை ஒட்டிய கட்டிலைக் கொடுத்தேன்.

சாயங்காலம் மில் விட்டதும் புருஷன் வந்து ஸ்டூலில் உட்காருவார்.

"வந்துட்டியா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. பாலில் ஊறவைத்த பன்னை ஸ்பூனால் ஊட்டுவார். மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருப்பார். "போறேன்" என்பார். எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், பொறாமைதான்.

ஆப்பரேஷன் அருமையாக நடந்தது. மறுநாள் சாயங்காலமும் அவர் வந்தார், ஊட்டினார், போனார். அதற்கடுத்த நாள் காலையில் மூத்த மகன் ஏழுமலை வார்டு வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"அப்பா பூட்டாருங்க. டீ குடிச்சிட்டு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். "சாயங்காலம் எடுக்கணும். அம்மாவ கூட்டிட்டுப் போவணும்."

"கொஞ்சம் இருப்பா, டாக்டரைக் கேக்கணும்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கண்ணைக் கட்டிப் படுத்திருப்பவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும்.

"யாரு, ஏழுமலையா?" என்றார் அஞ்சலை அம்மா கட்டிலிலிருந்து. "ஏன்டா மூக்க உறியற?"

அவன் துண்டை இன்னும் அழுத்திக்கொண்டான்.

"உங்கப்பனுக்கா?"

அவன் உடைந்துவிட்டான். அஞ்சலை அம்மாவின் வாய் கோணியது. நான் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்தேன். "அழக் கூடாது! அழுதா கண்ணு போயிடும்! கேக்குதா? கண்ணு போயிடும்!" என்று கத்தினேன். அவர் உதட்டைப் பல்லால் கடித்தார். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"அழுவல நர்சம்மா. ஆனா அவரு மொகத்த ஒரே ஒரு தரம் பாக்கணும். மூணு வருஷமா வெறும் நெழலாதான் தெரிஞ்சாரு. கட்டுப் பிரிச்சதும் மொதல்ல உன்னதான் பாப்பேன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

டாக்டரிடம் ஓடினேன். "முடியாது" என்றார். "சாவு வீட்டுத் தூசி, கூட்டம். கட்டிப் பிடிச்சு உலுக்கிடுவாங்க. இருக்கறதே ஒரு கண்ணு. முடியவே முடியாது." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சோப்பு போட்டார், கழுவினார், மறுபடி சோப்பு போட்டார். குழாயை மூடாமலே கேட்டார்.

"அந்தக் கண்ணை எதுக்கு சிஸ்டர் ஆப்பரேஷன் செஞ்சோம்?"

குழாயை நான் மூடினேன்.

அவரே வார்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "போய்ட்டு வாங்கம்மா. ஆனா எழுந்திருக்கக் கூடாது, குனியக் கூடாது, அழக் கூடாது. எனக்கு வாக்குக் குடுக்கணும்."

"அவரு மேல ஆணையா அழுவமாட்டேன்" என்றார் அஞ்சலை அம்மா. செத்துக் கிடக்கிற புருஷன் மேலேயே சத்தியம் செய்தார்.

ஆஸ்பத்திரி வேனில் ஸ்ட்ரெச்சரோடு ஏற்றினோம், மணல் மூட்டைகளோடு. துணைக்கு நான். கண் பரிசோதனைப் பெட்டியிலிருந்து கனமான லென்ஸ் ஒன்றை டாக்டர் எடுத்துக் கொடுத்தார். புரை எடுத்த கண்ணுக்கு முன்னால் அதைப் பிடித்தால்தான் முகம் முகமாகத் தெரியும். கட்டுத் துணி, மருந்து, ஒரு கறுப்புக் குடை. வேன் கிளம்பும்போது டிரைவரிடம் "துஸ்மா, துஸ்மா" என்றார். தெரு முழுக்க டிரைவர் எருமை வேகத்தில்தான் போனார்.

அந்தத் தெருமுனையிலேயே மேளச் சத்தம். ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் பெண்கள் தலைவிரி கோலமாக ஓடி வந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தாலி கட்டிக்கொண்டவள் வந்ததும் சுற்றி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை மோத அழுவார்கள். அழுகையைப் பங்கு போட்டுக்கொள்வது அது. நான் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றேன். "யாரும் தொடக் கூடாது! தள்ளி நில்லுங்க!"

"இன்னாடி இது, பொண்டாட்டிய தொடக் கூடாதாமே!" என்று ஒரு கிழவி என்னை அடிக்கவே வந்துவிட்டாள். அஞ்சலை அம்மாவின் நாத்தனாராம். ஏழுமலைதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

பந்தலுக்குள் அவர் கணவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டிருந்தார்கள். எதிரே ஸ்ட்ரெச்சரை இரண்டு பெஞ்சு மேல் வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்தேன். வெளிச்சம் தாங்காது என்று ஏழுமலையைக் குடை பிடிக்கச் சொன்னேன். மேளத்தை நிறுத்தச் சொன்னேன். கையைக் கழுவி, கட்டைப் பிரித்து, லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

அஞ்சலை அம்மா பார்த்தார்.

"இவ்ளோ கிட்டவா இருக்காரு?" என்றார். அந்த லென்ஸில் எல்லாமே பெரிதாக, மூக்குக்கு நேராக நிற்கிற மாதிரி தெரியும். புருஷன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். கை பாதி தூரத்திலேயே காற்றைப் பிடித்தது. மறுபடி நீட்டினார். மறுபடியும் காற்றுதான். நான் சொல்லியிருக்கலாம், அது லென்ஸ் செய்கிற வேலை என்று. லென்ஸை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முடியெல்லாம் நரைச்சிப் பூட்டுதே. ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சத்தியம் செய்தவர் இல்லையா. "போதும், கட்டிடு" என்றார். நான் மருந்து விட்டுக் கட்டினேன். சுற்றி அத்தனை சனம் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறது, நடுவில் அவர் மட்டும் கட்டை மாதிரி படுத்திருக்கிறார். யாரும் தொடவில்லை. தொடவிடாமல் காவலுக்கு நின்றது நான்.

கண் பிழைத்தது. மிளகு எட்டிப் பார்க்கவில்லை, சீழ் வைக்கவில்லை, ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகும்போது அழக் கூடாது, குனியக் கூடாது என்று மறுபடி எல்லாம் சொல்லி அனுப்பினோம். ஒன்றரை மாதம் கழித்து ஏழுமலையோடு வந்து கண்ணாடி வாங்கிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசிக்கு முந்தின வரி வரை சொன்னார். ஒருநாளும் இல்லாத திருநாளாக டாக்டர் பல் தெரியச் சிரித்தார். "இனிமே தலைக்கு ஊத்திக்கலாம், குனியலாம், தண்ணி தூக்கலாம், முறுக்குக்கூட கடிக்கலாம்" என்றார். ஏழுமலை தலையாட்டினான். அஞ்சலை அம்மாவுக்கு ஏதோ கேட்க இருந்தது போல இருந்தது. கேட்காமல் எழுந்து போனார்.

ஆடி மாதத்தில், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் என் வேலையில் அவருடைய முறை வந்தது. என் அறையிலிருந்து கூப்பிடு தூரம்தான். பின்கட்டில் தனியாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. பெட்டியில் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"நல்லா தெரியுதாம்மா?"

"தெரியுது நர்சம்மா. எறும்பு போறதுகூட தெரியுது. என்னப் பாத்தா தெருவுல மொகத்தத் திருப்பிக்கறாங்க பாரு, அதுவும் நல்லாத் தெரியுது."

முறத்தை ஓரமாக வைத்தார். சாவு வீட்டில் அழாதவள் என்று பேர் வந்துவிட்டதாம். கருமாதி அன்றைக்கும் அழவில்லையாம். 'புருஷனை வுட கண்ணுதான் அவளுக்குப் பெருசு' என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எந்தச் சாவுக்கும் இவரைக் கூப்பிடுவதில்லை. மருமகள்கூட ஏதோ ஒரு பயத்தோடுதான் சோறு போடுகிறாளாம்.

"ஏம்மா, கருமாதிக்கு அப்புறமாவது..." என்று இழுத்தேன்.

"எப்படி அழுவறது? அவரு மேல ஆணை போட்டேனே. கண்ணு கலங்கிச்சின்னா மேல வானத்தப் பாத்துக்குவேன், வத்திப் பூடும்." குரலைத் தணித்தார். "அன்னிக்குக் கண்ணாடி குடுக்கறப்ப டாக்டரு எல்லாம் சொன்னாரு. தண்ணி தூக்கலாம், முறுக்கு கடிக்கலாம்னாரு. அத மட்டும் சொல்லல. மவன் பக்கத்துல நிக்கறான், நானா எப்படிக் கேக்கறது? நீயே சொல்லு நர்சம்மா. இப்ப அழுவலாமா?"

தையில் போட்ட தையல். பங்குனியிலேயே பிரித்து எறிந்த நூல். ஆனாலும் ஒற்றைக் கண், சத்தியம் வாங்கினது டாக்டர். நான் சொன்னால் அஞ்சலை அம்மா நம்ப மாட்டார் என்று தெரிந்தது. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா, டாக்டர் வாயாலேயே கேட்டுக்கலாம்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, தனியாகவே நடந்து வந்துவிட்டார். வெளிக்கூடத்தில் கூட்டம். ஆப்பரேஷனுக்கு முன் பரிசோதனைக்கு வந்த பெண்களுக்குக் கண்ணில் சொட்டு விட்டு, கண்ணை மூடி அண்ணாந்து உட்காரச் சொல்லியிருந்தேன். அவர்களைத் தாண்டி அஞ்சலை அம்மாவை உள்ளே அழைத்துப் போனேன். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். "கண்ணு தங்கம் மாதிரி இருக்கே. என்னம்மா தொந்தரவு?"

"அன்னிக்கு உங்களுக்கு ஒரு வாக்குக் குடுத்தேனுங்க. அழுவமாட்டேன்னு. அத எப்ப நீங்க திருப்பிக் குடுப்பீங்க?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் விளக்கை அணைத்தார். அப்புறம் எழுந்து நின்றார்.

"திருப்பிக் குடுத்துட்டேம்மா. அழலாம். எவ்ளோ வேணும்னாலும் அழலாம். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"நெசமா?"

"நெசமா."

அஞ்சலை அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கதவைத் தாண்டி நாலு எட்டுகூட வைக்கவில்லை. பெஞ்சு ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அய்யோ, என்ன வுட்டுட்டுப் பூட்டியே!" என்று ஒரு குரல் எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டடமே அதிர்ந்தது. கம்பவுண்டர் ஓடி வந்தார். சீட்டு எழுதுகிறவர் எழுந்து நின்றார்.

"யாரும்மா செத்தது?" என்றாள் கண்ணை மூடி அண்ணாந்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி.

"எங்க வூட்டுக்காரரு!"

"எப்ப?"

"தையில!"

அது ஆடி மாதம். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்ட அந்தப் பெண், எந்த ஊரோ தெரியாது, மூடின கண்ணோடு எழுந்து, சுவரைத் தடவித் தடவி வந்து, குரலை வைத்து இடம் கண்டுபிடித்து உட்கார்ந்து, அஞ்சலை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும். ஒருத்திக்கும் அஞ்சலை அம்மாவைத் தெரியாது, செத்தவரைத் தெரியாது. தலையோடு தலை வைத்து அழுதார்கள்.

"அழக் கூடாது! மருந்தெல்லாம் போயிடும்!" என்று என் வாயில் தானாக வந்தது. சொட்டு மருந்துப் பாட்டிலோடு அவர்களைப் பிரிக்கப் போனேன். பின்னாலிருந்து டாக்டர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"விடுங்க சிஸ்டர். மருந்து மறுபடி போட்டுக்கலாம்."

நான் பாட்டிலைப் பிடித்தபடி சுவரோரம் தள்ளி நின்றேன். அழுது ஓயும் வரை அங்கேயே நின்றேன். அப்புறம் ஒவ்வொருத்தியாக அண்ணாந்து உட்கார வைத்து, முதலிலிருந்து சொட்டு விட்டேன்.